பிரேக் பேடும் வாயால் ஊதும் பழக்கமும்

சென்ற வாரம் காருக்கு பிரேக் பேடு மாற்றப் போனேன். சக்கரத்தைக் கழற்றிய பையன் உள்ளே படிந்திருந்த கரித்தூளை வாயால் ஊதினான். "ஊதாதே தம்பி" என்றேன். ஏன் என்றான்.

1902-இல் இங்கிலாந்தில் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். செம்புப் பட்டை தட்டில் உரசி அலறியது. ஃபெரோடோ நிறுவனத்தின் ஹெர்பர்ட் ஃப்ரூட் ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார், பதித்த பிறகே சத்தம் அடங்கியது. 1953-இல் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் லெ மான் பந்தயத்தை வென்றது. 1955-இல் பாரீஸ் கண்காட்சிக்கு வந்த சித்ரோயன் காரின் முன் சக்கரங்களுக்கும் டிஸ்க்தான். அதன் பெயர் 'தே எஸ்'. பிரெஞ்சுக் காதில் அது 'தேவதை' என்றே விழும்.

தேவதை சரி, கல்நார் எமன். உலகமெங்கும் மெக்கானிக்குகள் ஊதி ஊதி அந்தத் தூளைச் சுவாசித்தார்கள்; நுரையீரலில் புற்றுநோய் வந்தது. பிரான்ஸ் 1997-இல்தான் அதைத் தடை செய்தது. கழற்றிய பழைய பேட்டில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

பையன் ஈரத்துணியால் துடைத்தான். பிஸ்டனை உள்ளே தள்ளிப் புதுப் பேடுகளைப் பொருத்தினான். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டிப்படும்வரை நாலைந்து முறை மிதித்தான். அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.