பாலையில் ஒரு பொன்னகர்: ஜெய்சால்மரின் தோற்றமும் மரபும்

நகரங்களின் தோற்றத்தை ஆராய்வோர் ஆற்றுநீர், வளமான நிலம், துறைமுகம் ஆகியவற்றை அதற்கான அடிப்படைக் காரணிகளாகக் கொள்வர். இவற்றுள் எதுவுமின்றி எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்துவரும் நகரொன்று உண்டெனின், அது இந்தியாவின் மேற்கெல்லையில் தார்ப் பாலைவனத்தின் நடுவே அமைந்த ஜெய்சால்மர் ஆகும். ஆண்டு மழைவீழ்ச்சி மிகக் குறைந்த இப்பிரதேசத்தில் ஒரு நகரம் ஏன் எழுந்தது என்பதும், எவ்வாறு நிலைத்தது என்பதும் வரலாற்று மாணவரின் கவனத்திற்குரியன.

பட்டி இராஜபுத்திரரின் பழைய தலைநகர் லொதுருவா ஆகும். அது சமவெளியில் அமைந்திருந்தமையால் படையெடுப்புகளுக்கு எளிதில் இலக்காயிற்று. எனவே இராவல் ஜெய்சால் என்னும் மன்னன் அங்கிருந்து ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவிலுள்ள திரிகூடம் என்னும் குன்றைத் தெரிந்து, 1156ஆம் ஆண்டில் அதன்மீது கோட்டையை அமைத்தான். யாதவர் வழிவந்த ஒருவன் இக்குன்றில் அரசமைப்பான் எனக் கண்ணபிரான் முன்னரே உரைத்ததாக மரபுக் கதை கூறும். பட்டியர் தம்மை யாதவர் வழியினர் எனக் கொண்டமையால், புதிய நகருக்குப் புனிதத்தன்மை அளிக்க இக்கதை பயன்பட்டது எனலாம். ஆயினும் குன்றின் இயற்கையான பாதுகாப்பே மன்னனின் தெரிவுக்கு உண்மையான காரணமாதல் வேண்டும்.

பாதுகாப்பு நகரை உருவாக்கியது. வணிகமே அதனை வாழவைத்தது. சிந்து, குஜராத் முதலிய பகுதிகளை இணைத்த ஒட்டக வணிகப் பாதைகள் இவ்வழியே சென்றன. அவற்றிற் பெற்ற சுங்க வருவாய் அரசுக்கு ஆதாரமாயிற்று. சமண வணிகர் கோட்டைக்குள் நுண்ணிய சிற்ப வேலைப்பாடமைந்த கோயில்களை எழுப்பினர். அங்குள்ள சமண ஏட்டு நிலையம் பழைய பனையோலைச் சுவடிகளைப் பேணிவருவது சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. பாலையின் வறண்ட காற்று ஏடுகளின் ஆயுளை நீட்டித்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்வா குடும்பத்தார் கட்டத் தொடங்கிய ஐந்து மாளிகைகள் வணிகச் செல்வத்தின் உச்சத்தைக் காட்டுகின்றன.

இச்செல்வம் அனைத்திற்கும் அடிப்படையாய் அமைந்தது நீர்பற்றிய அறிவாகும். 14ஆம் நூற்றாண்டில் இராவல் கடசிசிங் திருத்தியமைத்த கடிசர் ஏரி, நெடுங்காலம் நகரின் முதன்மையான நீர்நிலையாக விளங்கியது. பெண்கள் அங்கிருந்தே குடங்களிற் கோட்டைக்கு நீர் சுமந்தனர். சுற்றுப்புறக் கிராமங்களில் பாலிவால் பிராமணர், மழைநீரைத் தாழ்நிலத்தில் அணைகட்டித் தேக்கி, அது மண்ணில் ஊறியபின் அந்நிலத்திற் பயிரிடும் ‘கடீன்’ முறையைக் கையாண்டனர். அவர்கள் வாழ்ந்த குல்தாரா முதலிய ஊர்கள் 19ஆம் நூற்றாண்டிற் கைவிடப்பட்டன. அமைச்சன் சாலிம் சிங்கின் கொடுமையே இதற்குக் காரணமென மரபு கூறும். நீர்வளம் குன்றியமையும் ஒரு காரணமென ஆய்வாளர் சிலர் கருதுவர்.

1818ஆம் ஆண்டில் ஜெய்சால்மர் பிரித்தானியருடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன்பின் பம்பாய்த் துறைமுகமும் இருப்புப் பாதைகளும் வளர்ச்சியடையவே, ஒட்டக வணிகம் நலிந்தது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினை சிந்துவுக்கான பாதையை முற்றாக அடைத்தது. வணிகக் குடும்பங்கள் பல வேறு நகரங்களுக்குப் பெயர்ந்தன. 1965, 1971 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த இந்திய - பாக்கிஸ்தான் போர்கள் இவ்வெல்லை நகரின் படைத்துறை முக்கியத்துவத்தை உணர்த்தின. பின்னர் உல்லாசப் பயணத்துறை நகருக்குப் புதுவாழ்வு அளித்தது. சத்தியஜித் ராய் 1974இல் வெளியிட்ட ‘சோனார் கெல்லா’ என்னும் வங்கத் திரைப்படம், மஞ்சள் மணற்கல்லாலான இக்கோட்டையைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது.

ஆனால் இப்புதுவாழ்வே கோட்டைக்குப் புதிய கேட்டையும் கொணர்ந்தது. கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கின்றனர். குழாய்நீர் வந்தபின், விடுதிகளும் உணவகங்களும் பெருகியதால் நீர்ப்பாவனை பன்மடங்காயிற்று. வடிகால்களிலிருந்து கசியும் நீர் குன்றின் அடியிலுள்ள களிமண் படைகளை இளக்க, சுவர்களும் கட்டடங்களும் சரியத் தொடங்கின. 1996ஆம் ஆண்டில் உலக நினைவுச்சின்ன நிதியம் இக்கோட்டையை ஆபத்துக்குள்ளான சின்னங்களின் பட்டியலிற் சேர்த்தது. 2013இல் இராஜஸ்தானின் ஏனைய ஐந்து மலைக்கோட்டைகளுடன் இதுவும் உலக மரபுரிமையாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. எனினும் 2024 ஓகஸ்டில் பெய்த கடும் மழையின்போது மதிலின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது.

நீரின்மையை வென்று நிலைத்த நகர் நீரின் மிகுதியால் நலிவுறுவது வரலாற்றின் முரண்பாடாகும். குடியிருப்போரை வெளியேற்றிக் கோட்டையைக் காப்பது எளிய வழியாகத் தோன்றலாம். ஆயின் மக்கள் வாழ்வதே அக்கோட்டையின் தனிச்சிறப்பு என்பதை மறத்தலாகாது. அவர்களை அகற்றிய பின்னர் எஞ்சுவது கற்குவியலேயன்றி நகரன்று. வடிகால்களைச் சீர்செய்வதோடு, ஒவ்வொரு துளியையும் மதித்த முன்னோரின் பழக்கத்தை மீட்பதே அந்நகரின் மரபைப் பேணும் வழியாகும்.