கவசமும் காரணமும்: ரெல்ஸ்ரார் செய்மதியின் வரலாறு

செய்மதிகளைக் கதிர்வீச்சினின்றும் காத்தல் தனித் தொழில்நுட்பப் பிரச்சினையாகவே பெரும்பாலும் நோக்கப்படுகின்றது. அக்கதிர்வீச்சினை உருவாக்கியோர் யாவர் என்னும் வினா எழுப்பப்படுவது அரிது. 1962 ஆம் ஆண்டு இவ்வகையிற் கவனத்துக்குரியது.

அவ்வாண்டு யூலை 9 ஆந் திகதி, பசுபிக் சமுத்திரத்தின் ஜோன்ஸ்ரன் தீவுக்கு மேலே, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில், ஐக்கிய அமெரிக்கா 1.4 மெகாதொன் வலுவுள்ள குண்டொன்றை வெடித்தது. வெளிப்பட்ட இலத்திரன்கள் புவியின் காந்தப்புலத்திற் சிக்கிச் செயற்கைக் கதிர்வீச்சு வலயமொன்றை உருவாக்கின. மறுநாளே, தனியார் தொலைபேசி நிறுவனமொன்றின் 77 கிலோகிராம் நிறையுடைய ரெல்ஸ்ரார் ஏவப்பட்டது. ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிற் சோவியத் ஒன்றியமும் அத்தகைய வெடிப்புகளை நிகழ்த்தியது. இதனை மறைத்தல் மார்க்சிய ஆய்வுக்கு அழகன்று.

ரெல்ஸ்ராரின் சூரியக் கலங்களைச் செயற்கை நீலக்கல் தகடுகள் காத்தன. ஆயின், கட்டளை ஏற்கும் சுற்றுகளின் திரான்சிற்றர்கள் பழுதுற்றன. 1963 பெப்ரவரியில் அது முற்றாகச் செயலிழந்தது. அவ்வாண்டு மே மாதம் ஏவப்பட்ட இரண்டாம் ரெல்ஸ்ராரில், ஒரு சுற்றின் திரான்சிற்றர் உறைகளிலிருந்து வாயு அகற்றப்பட்டது, சுற்றுப்பாதையும் உயர்த்தப்பட்டது.

ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரித்தானியா ஆகியன விண்வெளி அணுப் பரிசோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டன. பொருளாலான கவசம் விளைவைத் தணித்தது. காரணத்தைத் தடுத்ததோ அரசியல் முடிவே.