ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்: செட்டிநாட்டு வீட்டிலிருந்து எண்ணிமத்திற்கு

ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்னை தரமணியில் இயங்கிவரும் ஆய்வு நூலகம். தமிழ் அச்சுப் பண்பாட்டின் வரலாற்றை ஆராய்வோருக்கு முதன்மையான சேகரங்களுள் ஒன்று. இதன் தொடக்கம் செட்டிநாட்டில் அமைந்தது. காரைக்குடியைச் சூழ்ந்த அமராவதிபுதூர், கோட்டையூர் முதலிய ஊர்களுள் கோட்டையூரைச் சேர்ந்தவர் ரோஜா முத்தையா செட்டியார். அழகப்பா பல்கலைக்கழகத்திற்கு வித்திட்ட வள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்ததும் அதே ஊரில்தான்.

சேகரிப்பு

விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான முத்தையா, பழைய புத்தகங்களைத் தேடி வாங்கிச் சேர்த்தார். அவர் சேர்த்தவை நூல்கள் மட்டும் அல்ல. இதழ்கள், நாடகத் துண்டறிக்கைகள், திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள் ஆகியவற்றையும் பாதுகாத்தார். படித்தவுடன் எறியப்படுபவை என்பதால் பெரிய நூலகங்கள் இவற்றைப் பெரும்பாலும் திரட்டியதில்லை. ஆனால் ஒரு காலத்தின் பேச்சு, உறவுமுறை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு இவையே சான்று.

சென்னைக்கு வருதல்

முத்தையா 1992இல் மறைந்தார். சேகரம் சிதறிப்போகும் நிலை இருந்தது. சிக்காகோ பல்கலைக்கழகம் 1994இல் அதனை விலைக்கு வாங்கியது. எனினும் நூல்களை அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லாமல் தமிழ்நாட்டிலேயே வைத்துப் பேண முடிவு செய்தது. 1996இல் சென்னையில் நூலகம் பொதுப் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. மூலநூல் இங்கே, படி எங்கும் என்பதே இந்த ஏற்பாட்டின் சாரம்.

நுண்படமும் எண்ணிமமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பரவலான மரக்கூழ்த் தாளில் அமிலம் மிகுதி. அது பழுத்து, தொட்டால் ஒடியும். ஆகவே நூல்கள் முதலில் நுண்படமாக்கப்பட்டன. முறையாகப் பேணினால் நுண்படம் நூற்றாண்டுகள் நீடிக்கும். உருப்பெருக்கியே அதைப் படிக்கப் போதும். எண்ணிமப் படி தொலைவிலிருப்போருக்கும் உதவும். ஆனால் கோப்பு வடிவங்களும் கருவிகளும் மாறுவதால் அதைத் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும்.

படம் எடுத்தால் மட்டும் போதாது, அட்டவணையும் வேண்டும். பழைய நூல்கள் சிலவற்றின் முகப்பில் பிரபவ, விபவ என்ற தமிழாண்டே இருக்கும். அது அறுபது ஆண்டுக்கொருமுறை திரும்புவது. பதிப்பகம், எழுத்துரு, உள்ளடக்கம் ஆகியவற்றை ஒப்பிட்டே நூலகர் சரியான ஆண்டை முடிவு செய்வார். இந்த உழைப்பு இல்லையேல் எண்ணிமக் கோப்பு தேடலில் அகப்படாது.

ஒற்றைப் படியின் ஆபத்து

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஏடுகள் அதோடு மறைந்தன. அடுத்து வந்த எண்ணிம முயற்சிகள் இந்த இழப்பின் பின்னணியில் பொருள் பெறுகின்றன: மதுரைத் திட்டம் 1998இலும், ஈழத்து நூல்களுக்கான நூலகம் திட்டம் 2005இலும் தொடங்கின.

இன்று பல்கலைக்கழக நூலகங்கள் மின்னூல்களையும் மின்னிதழ்களையும் வழங்கி, குழுவாகக் கூடிப் படிக்க இடங்களை ஒதுக்குகின்றன. பதிப்பகம் தரும் மின்வளம் பெரும்பாலும் சந்தா உரிமை மட்டுமே. சந்தா நின்றால் அணுகலும் நிற்கக்கூடும். சொந்த மூலநூலும், அதற்கான அட்டவணையும், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் படியும் உள்ள நூலகத்திற்கு அந்தக் கவலை இல்லை. கோட்டையூர்ச் சேகரம் நிலைத்தது அவ்வழியில்தான்.