மாசு செய்தவர் காசு தர வேண்டும் – பாலாறு தந்த தீர்ப்பு

இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் தாண்டிப் போக முடியாத ஒரு வழக்கு உண்டு. "வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம்" என்பது அதன் பெயர். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் இதில் தீர்ப்பு வழங்கியது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது.

சட்டம் படிப்பவர்களுக்கு இது தேர்வில் வரும் ஒரு கேள்வி. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கத்து விவசாயிகளுக்கு இது கிணறும் நிலமும் போன கதை. இழப்பீடு என்ற பெயரில் கைக்கு வர வேண்டிய பணத்தின் கதையும் கூட. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இயற்கை வளத்தைச் சட்டத்தால் எவ்வளவு தூரம் காப்பாற்ற முடியும் என்பது புரியும்.

பட்டையிலிருந்து குரோமியத்துக்கு

பாலாற்றங்கரையில் தோல் பதனிடுவது நேற்று வந்த தொழில் அல்ல. ஆவாரம்பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றை ஊறவைத்துத் தோலைப் பதனிடுவது பழைய முறை. இதற்கு வாரக்கணக்கில் ஆகும். இப்படி அரைப் பதமாகச் செய்த தோல்தான் ஆங்கிலேயர் காலத்தில் சென்னைத் துறைமுகம் வழியாகப் பெருமளவில் கப்பலேறியது. அதைச் செருப்பாகவும் பையாகவும் மாற்றி லாபம் பார்த்தவர்கள் ஐரோப்பியர்கள்.

குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் கம்பெனியால்தான்! வாரக்கணக்கில் ஆகும் வேலை இந்த முறையில் ஓரிரு நாளில் முடியும். தோலும் மென்மையாக, சாயம் ஏற்ற வசதியாக இருக்கும். ஆனாலும் பல பத்தாண்டுகள் வரை பட்டை முறையே பெரும்பாலான இடங்களில் தொடர்ந்தது.

பெரிய மாற்றம் வந்தது 1970-களில். அதற்குக் காரணம் அரசின் ஏற்றுமதிக் கொள்கை. மத்திய அரசு அமைத்த சீதாராமையா குழு, "பச்சைத் தோலையும் அரைப் பதத் தோலையும் அனுப்பிக்கொண்டிருந்தால் லாபம் முழுவதும் வெளிநாட்டுக்குத்தான், முழுமையாகப் பதனிட்ட தோலை அனுப்பினால் அந்நியச் செலாவணி பல மடங்கு கிடைக்கும்" என்ற கருத்தில் பரிந்துரை செய்தது. 1973-ல் பதனிடாத தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அரைப் பதத் தோலுக்கு அளவுக் கட்டுப்பாடு வந்தது. முழுப் பதத் தோலுக்குச் சலுகைகள் வந்தன.

வணிக ரீதியில் பார்த்தால் இது மிகச் சரியான கொள்கை. மதிப்புக் கூட்டல் நம் நாட்டிலேயே நடக்க வேண்டும் என்பதில் என்ன தவறு? கொள்கை வெற்றியும் பெற்றது. 1990-களில் நாட்டின் முழுப் பதத் தோல் ஏற்றுமதியில் சுமார் 80 சதவீதம் தமிழ்நாட்டிலிருந்து போனதாக உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டிருக்கிறது. ஆனால் தோல் மட்டும் கப்பலேறியது. கழிவு இங்கேயே தங்கிவிட்டது.

ஓடாத ஆற்றில் விழுந்த கழிவு

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரா வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து, கல்பாக்கம் அருகே வயலூரில் கடலில் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி இதில் மணல்தான் தெரியும். தண்ணீர் மணலுக்கு அடியில் இருக்கும். ஓடும் ஆறாக இருந்தால் கழிவில் ஒரு பகுதியையாவது அடித்துக்கொண்டு போயிருக்கும். பாலாற்றில் விழுந்த கழிவு போக இடமில்லாமல் கீழே இறங்கியது. அந்த நிலத்தடி நீர்தான் சுற்றியிருக்கும் ஊர்களின் கிணற்றுக்கும் குடிநீருக்கும் ஆதாரம்.

கழிவு என்றதும் பலரும் குரோமியத்தை மட்டுமே நினைக்கிறார்கள். உண்மையில் விவசாயியை முதலில் வீழ்த்தியது சாதாரண உப்பு. தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். டேனரிக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பைக் கழுவி விடுவது. பிறகு முடி நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும், பதனிடக் குரோமியம், அதன் பின் சாயம், எண்ணெய் என்று வரிசையாக வரும். குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள் பயன்படுவதாகவும், ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாவதாகவும் தீர்ப்பில் குறிப்பு இருக்கிறது.

இதன் விளைவு என்ன? தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் செய்த ஆய்வின்படி, டேனரிகள் நிறைந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது. திண்டுக்கல் பக்கமும் இதே கதைதான். அங்கே 13 கிராமங்களில் எடுத்த கணக்கில், குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. அதாவது நான்கில் மூன்று கிணறு!

சட்டம் இருந்தது, ஆனால்...

அப்போது சட்டமே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டுக்குப் பிறகு 1974-ல் நாடாளுமன்றம் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. ஆனால் தண்ணீர் என்பது அரசியலமைப்பின்படி மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். எனவே மாநிலங்கள் கேட்டுக்கொண்டால்தான் நாடாளுமன்றம் இதில் சட்டம் செய்ய முடியும். அப்படிக் கேட்டுக்கொண்ட முதல் 12 மாநிலங்களில் கர்நாடகமும் கேரளமும் உண்டு. தமிழ்நாடு இல்லை. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982 பிப்ரவரி மாதத்தில்.

இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். முழுப் பதத் தோலுக்கு ஊக்கம் தரும் கொள்கை 1973-ல் வந்தது. அதன் கழிவைக் கண்காணிக்க வேண்டிய வாரியம் 1982-ல் வந்தது. இடையில் ஒன்பது ஆண்டுகள். வர்த்தகத் துறைக்கு இருந்த வேகம் சுற்றுச்சூழலுக்கு இல்லை!

வாரியம் வந்த பிறகும் வேலை சுலபமாக இல்லை. சுத்திகரிப்பு நிலையம் கட்ட டேனரிகளுக்கு 1985 ஜூலை வரை கெடு கொடுக்கப்பட்டது. கெடு முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் கட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். நீர்நிலைகளின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் தொழிற்சாலைகள் கூடாது என்று 1989-ல் மாநில அரசு ஆணை போட்டது. அதற்குள் தொழிற்சாலைகள் ஆற்றோரம் வந்து நிலைபெற்று விட்டன.

டேனரி உரிமையாளர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. பலவும் சிறிய தொழிற்கூடங்கள். தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட அவர்களிடம் இடமும் இல்லை, முதலும் இல்லை. இந்தத் தொழிலை நம்பி ஏராளமான தொழிலாளர் குடும்பங்கள் இருந்தன. விவசாயம் கெட்டுப்போனதால் வேறு வழியின்றி டேனரிக்கே வேலைக்குப் போனவர்களும் உண்டு. இதுதான் இந்தப் பிரச்சினையின் மிகச் சிக்கலான முடிச்சு.

தீர்ப்பு

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் பொதுநல வழக்காக நேரடியாக உச்ச நீதிமன்றம் சென்றது. இந்த வழக்கில் வாதாடியவர் புகழ்பெற்ற சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா. நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை அனுப்பி டேனரிகளை நீதிமன்றம் சோதனையிட வைத்தது. ஐந்தாண்டு விசாரணைக்குப் பிறகு நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மூவர் அமர்வு தீர்ப்பளித்தது.

தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டுகிறது, வேலை தருகிறது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் அதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்றது. 1992 ரியோ மாநாட்டில் பேசப்பட்ட கொள்கைகளை எடுத்து, அவை அரசியலமைப்பின் 21, 47, 48அ, 51அ பிரிவுகளோடு பொருந்துவதைக் காட்டி, நம் நாட்டுச் சட்டமாகவே அறிவித்தது. அவற்றில் முக்கியமானவை இரண்டு.

முதலாவது, முன்னெச்சரிக்கைக் கொள்கை. பெரும் கேடு வரும் என்று தெரியும்போது, அறிவியல் ஆதாரம் முழுமையாக இல்லை என்று சொல்லித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. தன் தொழிலால் கேடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் தொழில் செய்பவருடையதே.

இரண்டாவது, மாசு செய்தவரே செலவை ஏற்பது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவது மட்டும் போதாது. கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் இதில் சேரும்.

இந்த இரண்டாவது கொள்கை உண்மையில் ஒரு கணக்கியல் திருத்தம். ஒரு ஜோடி ஷூவின் விலையில் தோல், கூலி, மின்சாரம், கப்பல் கட்டணம் எல்லாம் இருக்கும். கெட்டுப்போன கிணற்றின் விலை மட்டும் இருக்காது. அந்தச் செலவு மறைந்துவிடவில்லை. ஷூவை விற்காத, வாங்காத ஒரு விவசாயியின் கணக்கில் போய் விழுந்தது. அதை எடுத்து உரியவர் கணக்கில் எழுதச் சொன்னதுதான் இந்தத் தீர்ப்பு.

ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இழப்பீட்டைக் கணக்கிட ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் அமைக்க உத்தரவானது. இத்தகைய வழக்குகளுக்கெனச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனியாக ஒரு "பசுமை அமர்வு" அமைக்கவும் கேட்டுக்கொள்ளப்பட்டது. பின்னர் 2010-ல் வந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில் இந்தக் கொள்கைகள் எழுத்திலேயே இடம்பெற்றன.

கணக்கில் வந்தது, கைக்கு வந்ததா?

அந்த ஆணையம் 2001 மார்ச் மாதம் தன் கணக்கை முடித்தது. பாதிக்கப்பட்ட நிலம் 15,164 ஹெக்டேருக்கும் மேல். பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர். 1991 முதல் 1998 வரையிலான காலத்துக்கு 547 டேனரிகள் தர வேண்டிய தொகை சுமார் 26.82 கோடி ரூபாய்.

26 கோடி என்றதும் பெரிய தொகையாகத் தெரியும். வகுத்துப் பாருங்கள். தலைக்குச் சராசரியாக 9,200 ரூபாய் கூட வராது. ஏழாண்டு காலத்துக்கு என்றால் ஆண்டுக்குச் சுமார் 1,300 ரூபாய். தலைமுறையாக விளைந்த நிலத்துக்கும் கிணற்றுக்கும் இவ்வளவுதான் விலை!

இதையாவது உடனே கொடுத்தார்களா என்றால், வழக்கு மேல் வழக்காக நீண்டது. 2009-ல் மேலும் ஓர் இழப்பீட்டு உத்தரவு வந்தது. கடைசியில் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட வேண்டியிருந்தது. 2001, 2009 உத்தரவுகளின்படி இன்னும் பணம் பெறாதவர்களுக்கு அரசு ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, பிறகு மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டது. பாலாற்றின் நிலையைக் கண்காணிக்க ஒரு குழுவும் அமைக்கச் சொன்னது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள்.

இதற்கிடையே எதுவும் நடக்கவில்லை என்று சொல்வதும் நியாயமில்லை. பல டேனரிகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பல இடங்களில் வந்தன. ஆனால் ஆரம்பத்தில் வந்த நிலையங்களால் கழிவின் நாற்றத்தையும் குரோமியத்தையும் குறைக்க முடிந்ததே தவிர, கரைந்திருக்கும் உப்பை எடுக்க முடியவில்லை. அதற்குச் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் தேவை. அவை பின்னாளில்தான் வந்தன, செலவும் அதிகம். பிரித்த உப்பையும் கசடையும் எங்கே வைப்பது என்பது அடுத்த தலைவலி. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். அதே ராணிப்பேட்டையில் குரோமிய ரசாயனம் தயாரித்த ஓர் ஆலை 1995-ல் மூடப்பட்டபோது, 2 லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவை அப்படியே விட்டுச்சென்றது. மாசு செய்த நிறுவனமே மூடப்பட்டுவிட்டால் யாரிடம் போய் வசூலிப்பது?

பாடம் என்ன?

மாசு செய்தவர் காசு தர வேண்டும் என்பது நல்ல கொள்கைதான். ஆனால் பாலாற்றின் வரலாறு அதன் எல்லையையும் காட்டுகிறது. காசு என்பது கேடு நடந்த பிறகு வரும் பேச்சு. உப்பேறிய நிலத்தடி நீரைத் திரும்ப நல்ல நீராக்க எவ்வளவு காசும் போதாது. அதனால் அந்தத் தீர்ப்பில் சொன்ன முதல் கொள்கைதான், அதாவது முன்னெச்சரிக்கைதான், உண்மையில் பெரியது.

முன்னெச்சரிக்கை என்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல, அரசின் வேலை. 1973-ல் ஏற்றுமதிக் கொள்கையை எழுதியபோதே அதனுடன் கழிவுநீர்க் கொள்கையையும் எழுதியிருந்தால், டேனரிகளுக்குக் கொடுத்த சலுகையில் ஒரு பங்கைச் சுத்திகரிப்புக்கு ஒதுக்கச் சொல்லியிருந்தால், வேலூர் விவசாயி டெல்லி வரை போயிருக்க வேண்டியதில்லை. இன்றும் ஒரு புதிய தொழிற்பேட்டை அறிவிக்கப்படும்போது எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை என்ற இரண்டு எண்கள்தான் செய்தியில் வருகின்றன. கழிவு எவ்வளவு, அது எங்கே போகும் என்ற மூன்றாவது எண்ணையும் முதல் நாளிலேயே கேட்க வேண்டும். பாலாறு அந்த எண்ணைக் கேட்காமல் விட்டதற்கான விலையை இன்னமும் கட்டிக்கொண்டிருக்கிறது.