சிறைக்குப் போன கிரேக்க விரிவுரையாளர்

1942 ஏப்ரல். கிளாஸ்கோ நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றவருக்கு வயது 28. ஆறரை அடி உயரம், தாடி. அபர்தீன் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் கற்பித்தவர். பெயர் டக்ளஸ் யங். கட்டாய ராணுவச் சேவைக்கு வர மறுத்தார் என்பது வழக்கு.

அப்படி மறுத்தவர்கள் பெரும்பாலும் மதத்தை, மனசாட்சியைக் காரணம் சொன்னார்கள். யங் சொன்ன காரணம் 1707-இன் இணைப்பு ஒப்பந்தம். ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒன்றான அந்த உடன்படிக்கையில், ஸ்காட்லாந்துக்காரனைக் கட்டாயப்படுத்தி வெளிநாட்டுப் போருக்கு அனுப்பும் அதிகாரம் லண்டனுக்குத் தரப்படவில்லை என்று வாதிட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை. 12 மாதச் சிறை விதித்தது.

ஜெர்மன் விமானங்கள் கிளைட்பேங்க் நகரைக் குண்டு வீசி நாசமாக்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஹிட்லரை எதிர்க்கும் நேரத்தில் இப்படியொரு சட்ட வாதம் தேவையா? அவருடைய ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்குள்ளேயே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தன் வாதத்துக்கான விலையைத் தானே கொடுக்க முன்வந்த மனிதரை அலட்சியப்படுத்திவிட முடியாது.

மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே கட்சி மாநாடு கூடியது. சொற்ப வாக்கு வித்தியாசத்தில் யங் தலைவரானார். கட்சியை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான ஜான் மெக்கார்மிக், ஆதரவாளர்களோடு வெளியேறினார். மேல்முறையீடும் தோற்றது, புதிய தலைவர் எடின்பரோவின் சாட்டன் சிறைக்குள் போனார்.

இவர் வளர்ந்த கதை கொஞ்சம் வங்காளத்தோடு தொடர்புடையது. ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் 1913-இல் பிறந்தவர். தந்தைக்கு வங்காளத்தில் சணல் தொழிலில் வேலை என்பதால் குழந்தைப் பருவத்தில் சில ஆண்டுகள் அங்கேதான். பிறகு செயின்ட் ஆண்ட்ரூஸ், ஆக்ஸ்ஃபோர்டு.

சிறை சென்றவருக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? 1944 பிப்ரவரியில், ஃபைஃபின் கெர்க்கால்டி இடைத்தேர்தலில் பதில் கிடைத்தது. தொழிற்கட்சி வென்றது, ஆனால் யங் வாங்கியது சுமார் 41 சதவீத வாக்குகள். போர்க்காலத்தில், அதுவும் இவருக்கு! அடுத்த ஆண்டே மதர்வெல் தொகுதியில் ராபர்ட் மெக்கின்டயர் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரானார். கெர்க்கால்டிதான் அந்தத் துணிச்சலைத் தந்தது என்று நினைக்கிறேன்.

யங் தொழிற்கட்சியிலும் உறுப்பினர். வேறு கட்சியில் இருக்கக்கூடாது என்று 1948-இல் தேசியக் கட்சி விதி செய்ததும் அதிலிருந்து விலகினார். அரிஸ்டோஃபனிஸின் நாடகங்களை ஸ்காட்ஸ் மொழியில் ஆக்கினார். கடைசியில் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராக இருந்தபோது, 1973-இல் காலமானார்.

யங் தலைவரானதால் வெளியேறிய மெக்கார்மிக்குக்கு நீல் என்றொரு மகன். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராக இருந்தவர். 1999-இல் அதே தேசியக் கட்சியின் சார்பில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போனார். அவர் கதை அடுத்த வாரம்.