கண்ணாக இருந்த குரல்

திரையரங்குகளில் கதைப்படத்திற்கு முன்னர்ச் செய்திப்படம் ஓடிய காலத்தை நம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். காட்சிகள் விரைந்தோட, முகம் காட்டாத ஒருவரின் குரல் அவற்றிற்குப் பொருள் சொல்லும். அமெரிக்காவில் 1930களில் அவ்வாறு ஒலித்த குரல்களுள் ஒன்று கிரஹாம் மக்னமீயுடையது. ஆனால், அதற்கு முன்பே வானொலியில் அவர் பெரும்புகழ் எய்திவிட்டிருந்தார்.

1888இல் வாஷிங்டனில் பிறந்த மக்னமீ இசைப்பயிற்சி பெற்ற பாடகர். 1923இல் நியூயார்க் நீதிமன்றத்தில் ஜூரராகப் பணியாற்றியபோது, உணவு இடைவேளை ஒன்றில் டபிள்யூ.ஈ.ஏ.எஃப். வானொலி நிலையத்தினுள் நுழைந்து குரல் தேர்வுக்கு நின்றார். வேலையும் கிடைத்தது. அவ்வாண்டே பேஸ்பால் உலகத் தொடரை வருணிக்கும் பொறுப்பு அவரை வந்தடைந்தது. முதலில் அப்பணியில் அமர்த்தப்பட்டவர் கிராண்ட்லண்ட் ரைஸ் என்னும் புகழ்பெற்ற பத்திரிகையாளர். எழுத்தில் வல்லவரான அவருக்கு ஒலிவாங்கி உவக்கவில்லை. தொடரின் இடையிலேயே விலகிக்கொண்டார்.

மக்னமீக்கு ஆட்ட நுணுக்கங்களில் ஆழ்ந்த தேர்ச்சி இல்லை. எனினும் வீட்டிலிருந்து கேட்பவர் எதைக் காண ஏங்குகிறார் என்பதை அவர் அறிந்திருந்தார். வானிலை, கூட்டத்தின் ஆரவாரம், வந்தமர்ந்த பிரமுகர்கள் என யாவற்றையும் சொல்லிக்கொண்டே போவார். 1924இல் ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 103 முறை வாக்கெடுத்தது. இரு வாரங்களுக்கும் மேல் நீண்ட அம்மாநாட்டையும் அவர் ஒலிபரப்பினார். 1925 உலகத் தொடருக்குப் பின்னர் நேயர்களிடமிருந்து ஏறத்தாழ 50,000 கடிதங்கள் குவிந்தன.

ஏளனமும் வந்தது. தாம் கண்ட ஆட்டத்தைப் பற்றி எழுதுவதா, மக்னமீ சொன்ன ஆட்டத்தைப் பற்றி எழுதுவதா எனத் தமக்கு விளங்கவில்லை என்று எழுத்தாளர் ரிங் லார்ட்னர் நகையாடினார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் களத்திற்குச் செல்ல வசதியற்ற இலட்சக்கணக்கானோருக்கு அவர்தாம் கண்ணாக இருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது. பிழையற்ற புள்ளிக்கணக்கை மறுநாள் செய்தித்தாள் தந்துவிடும். அந்த நொடியின் படபடப்பை அது தராது.

யூனிவர்சல் செய்திப்படத்திற்கு அவர் குரல் கொடுத்தபோது நிலைமை தலைகீழாயிற்று. இங்கே மக்கள் தாமே காட்சியைக் கண்டனர். வெட்டி ஒட்டப்பட்ட படச்சுருளின் அளவுக்கேற்ப வாசிப்பதே அவர் வேலை. நேரில் கண்டு நெஞ்சில் தோன்றியதைச் சொன்னவருக்கு இது குறுகிய கூண்டென்றே நமக்குத் தோன்றுகிறது. அக்குரலில் உற்சாகம் குன்றவில்லை, வியப்பைத்தான் காணோம்.

1942இல், 53ஆம் வயதில் அவர் மறைந்தார். தொடக்ககால ஒலிபரப்புகளைப் பதிந்துவைக்கும் வழக்கம் அன்று இல்லாமையால், அவரைப் புகழேற்றிய சொற்களிற் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. யூனிவர்சல் செய்திப்படம் 1967இல் நின்றுபோனாலும் அதன் சுருள்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தன. இன்று மக்னமீயின் குரலைத் தேடிச் செல்வோருக்குப் பெரிதும் கிடைப்பது அந்த வாசிப்பே.