கூமுட்டையும் கைராசியும்

மலருக்கு உங்கள் குழுவின் வரலாற்றை எழுதுங்கள் என்று கேட்டார்கள். சேமிப்பு, கடன் பற்றி மற்றவர்கள் எழுதுவாங்க, நான் முட்டையைப் பற்றி எழுதறேன் என்றேன். ஊக்குநர் அக்கா சிரிச்சாங்க. ஆனால் எங்கள் குழு ஒரு தடவை உடையப் பார்த்தது முட்டையால்தான்.

முதலில் பழைய முறை. எங்க அத்தை காலத்தில் கூடையில் தவிடு பரப்பி, வைக்கோல் போட்டு, 9, 11, 13 என்று ஒற்றைப்படையில் முட்டை வைத்து அடைக்கோழியை உட்கார வைப்பாங்க. இடிச் சத்தத்தில் முட்டை கெடக்கூடாது என்று ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும் கூடவே வைப்பாங்க. 21 நாள் கணக்கு. முதலில் பொரித்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கோழி இறங்கிவிடும். பின்தங்கின முட்டையை அத்தை காதில் வைத்துக் கேட்பாங்க. உள்ளே சத்தம் வந்தால் வேறு அடைக்கோழிக்கு அடியில் தள்ளிவிடுவாங்க. அவசரப்பட்டுத் தூக்கிப் போட மாட்டாங்க.

ஆனால் மொத்தமும் கூமுட்டை ஆகிவிட்டால், "யாரு கையால வெச்சது?" என்றுதான் முதல் கேள்வி வரும். தூரமான பெண் தொடக்கூடாது, புருஷனை இழந்தவள் வைக்கக்கூடாது என்று ஒரு பட்டியல் இருந்தது. எல்லாம் பெண்கள் கைதான். சேவல் இல்லாத வீட்டு முட்டையா என்று யாரும் கேட்டதில்லை.

2017-ல் எங்கள் குழு உள்கடன் போட்டு 48 முட்டை பிடிக்கிற சின்ன இன்குபேட்டர் ஒன்று வாங்கியது. ஐந்து வீட்டில் முட்டை சேகரித்தோம். எங்கள் குழுவில் கோழி பற்றி நன்றாகத் தெரிந்தவர் ஒரு பெரியம்மா. கணவர் இல்லாதவர். அவரே ஒவ்வொன்றாக அடுக்கினார். ஆசையில் நாங்கள் நாளுக்குப் பத்துத் தடவை மூடியைத் திறந்து பார்த்தோம். 19-ம் நாள் ராத்திரி ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லை.

21-ம் நாள் ராத்திரி வரை 9 குஞ்சுதான் வந்தது. மறுநாள் விடியற்காலை மீதி 39 முட்டையையும் நானே கூடையில் அள்ளிக் குப்பைக்குழியில் கொட்டினேன். காலைக் கூட்டத்தில் பேச்சு பெரியம்மா பக்கம் திரும்பியது. "இனி அவர் முட்டை வைக்க வேண்டாம்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். எழுதியது என் கைதான். பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

கூட்டம் முடிந்து குழிப்பக்கம் போனால், உள்ளே இருந்து கீச் கீச் என்று சத்தம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. மூன்று முட்டையில் உயிர் இருந்தது. துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். இரண்டு பிழைத்தது, ஒன்று போய்விட்டது. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த கால்நடை மருத்துவர் அம்மாவிடம் போனில் சொன்னேன். "மீதியை உடைச்சுப் பார்த்து எழுதி வைங்க" என்றார். மீதி 36-ல் 14 கருவே கூடாதது, 6 ஆரம்பத்திலேயே இரத்த வளையமாக நின்றது, 16 முழுசா வளர்ந்து செத்தது. அந்த 16-ல் எத்தனை நான் குழியில் கொட்டிய பிறகு செத்ததோ, அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அடுத்த பயிற்சியில் மருத்துவர் அம்மா ஒரு வரலாறு சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன். முட்டையை உடைத்துப் பார்த்து எழுதும் வேலையை 2,300 வருஷத்துக்கு முன்பே கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் செய்திருக்கிறார். மூன்றாம் நாள் கழிந்ததும் இதயம் ஒரு இரத்தப் புள்ளியாகத் துடிப்பதை அவர் எழுதி வைத்திருக்கிறார். எகிப்தில் பழங்காலத்திலிருந்தே மண்செங்கல் சூளை மாதிரி கட்டிடத்தில் வைக்கோலும் சாணமும் எரித்து ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்தார்கள். தெர்மாமீட்டர் கிடையாது. முட்டையைக் கண் இமை மேல் வைத்துச் சூடு பார்த்தார்கள். மூன்று முட்டை கொடுத்தால் இரண்டு குஞ்சு திருப்பித் தருவது அங்கே வழக்கமாம். பரம்பரைத் தொழில்காரர்களே மூன்றில் ஒன்று போகும் என்று கணக்கு வைத்திருந்தார்கள்! 1749-ல் பிரான்ஸ் நாட்டு ரெயோமூர் என்ற அறிஞர் இந்த வித்தையைப் பற்றிப் புத்தகமே போட்டார். சாணச் சூட்டில் பொரிக்கப் பார்த்து அவருக்கும் முதலில் கெட்டது. சாணத்தின் ஆவி கருவைக் கொன்றுவிட்டது. அவர் யார் கைராசியையும் குறை சொல்லவில்லை. ஆவி படாத மாதிரி முறையை மாற்றினார்.

எங்கள் கணக்கும் அப்படித்தான் புரிந்தது. 14 முட்டை கெட்டது சேவல் இல்லாத வீட்டிலும், பத்து நாளுக்கு மேல் அடுப்பங்கரையில் கிடந்ததிலும். முழுசா வளர்ந்தது செத்ததற்கு, மூடியைத் திறந்து திறந்து ஈரம் போனது ஒரு காரணம். கரண்ட் போன குளிர்ச்சியில் பொரிப்பே ஒரு நாள் தள்ளிப்போனது. அதைத்தான் நான் குழியில் கொட்டினேன்.

இப்போது ஏழு நாளுக்கு உட்பட்ட முட்டை மட்டும் எடுக்கிறோம். 7-ம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்ப்போம். சிலந்தி மாதிரி நரம்பு ஓடினால் கரு இருக்கு, வெறும் வெளிச்சமாகத் தெரிந்தால் எடுத்துவிடுவோம். 18-ம் நாளோடு திருப்புவதை நிறுத்தி, தண்ணீர்த் தட்டை நிறைத்துவிட்டு மூடியைத் தொட மாட்டோம். கரண்ட் போனால் போர்வை போட்டு மூடுவோம், காற்று போக இடம் விட்டு. 21 தாண்டினால் இன்னும் இரண்டு நாள் பொறுப்போம். குஞ்சு ஓட்டைப் போட்டுவிட்டு நின்றால் நாம் உரிக்கக் கூடாது. நரம்பில் இரத்தம் வற்றாமல் உரித்தால் செத்துவிடும். முதலில் வந்த குஞ்சு பட்டினி கிடக்குமே என்ற பயமும் வேண்டாம். வயிற்றில் உள்ள மஞ்சள் கருவே அதற்கு இரண்டு நாள் தாங்கும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் பழைய தீர்மானத்தை ரத்து செய்தோம். அதையும் நான்தான் எழுதினேன். மூன்று பேர் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். "கூமுட்டைக்கு நான் பொறுப்பில்லைன்னு எனக்கு அப்பவே தெரியும். உங்களுக்குத் தெரியறதுக்குத்தான் நாளாச்சு" என்றார். வெற்றிலை கொடுத்தார், வந்தார்.

அடுத்த தடவை 48 முட்டையும் அவர் கையால்தான் அடுக்கினோம். 31 குஞ்சு. எகிப்துக்காரர் கணக்குக்கு ஒன்றுதான் குறைவு. கடைசி 4 குஞ்சு 23-ம் நாள்தான் வந்தது.

உங்கள் குழுவிலும் ஏதாவது கெட்டால், யார் கை என்று கேட்கும் முன்னே ஒரு தடவை உடைத்துப் பாருங்கள், பார்த்ததை எழுதி வையுங்கள்.